ஒரே வைஃபையில் இருந்தும் ஏன் திறப்பதில்லை? பழைய கணினியை வீட்டுக் கோப்புக் கிடங்காக்குதல்

"இரண்டு கணினியும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. பிறகு ஏன் இதிலுள்ள படம் அதில் தெரியவில்லை?" அலமாரிக்குள் தூங்கும் பழைய மடிக்கணினியைத் தட்டி எழுப்பி, வீட்டார் எல்லாரும் கோப்பு வைக்கும் இடமாக மாற்ற முயல்கிறவர்கள் முதல் நாளிலேயே முட்டிக்கொள்ளும் கேள்வி இது. ரூட்டரை அணைத்துப் போடு, ஃபயர்வாலை நிறுத்து, கடவுச்சொல்லை எடுத்துவிடு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சில நேரம் பலிக்கும். எதனால் பலித்தது என்று தெரியாததால், அடுத்த வாரம் மறுபடி நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனி விஷயங்களை 'கனெக்‌ஷன்' என்ற ஒரே சொல்லால் சொல்வதுதான். போய்ச் சேர வழி இருக்க வேண்டும், தேடிப் போக முகவரி வேண்டும், உள்ளே நுழைய அனுமதி வேண்டும். வைஃபை தருவது முதலாவதை மட்டும்.

அனுப்புவது வேறு, பகிர்வது வேறு

வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை 'ஷேர்' செய்வது, கேசரி கிண்டி டப்பாவில் போட்டு அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது போல. உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. போகும் வழியில் இணையம் வேண்டும்; படத்தின் தரமும் பெரும்பாலும் குறைந்துதான் போய்ச் சேரும்.

வீட்டுப் பிணையத்தில் கோப்பைப் பகிர்வது அப்படியல்ல. கேசரி அடுக்களையிலேயே இருக்கிறது. வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்கிறார். கோப்பு பழைய கணினியின் வட்டில்தான் இருக்கும். மற்ற கணினிகளும் கைப்பேசிகளும் அங்கே போய்த் திறந்து பார்க்கின்றன, திருத்துகின்றன, புதியதை வைக்கின்றன. இதற்கு இணையமே தேவையில்லை. இணையச் சேவை அறுந்துபோன நாளிலும் ரூட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், கோப்புகள் திறக்கும்.

கோப்பை வைத்திருந்து கேட்பவருக்குக் கொடுக்கும் கணினிக்குப் பெயர் சர்வர். பெரிய எந்திரமாக இருக்க வேண்டியதில்லை. வேலைதான் அந்தப் பெயரைத் தருகிறது. கேட்பதும் கொடுப்பதும் எந்த முறையில் நடக்க வேண்டும் என்ற உடன்பாட்டுக்குப் பெயர் எஸ்எம்பி. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஐஃபோன் எல்லாம் இந்த மொழியைப் பேசும்.

புளோக், வீட்டு எண், கதவு

சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு முகவரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒன்று, #09-187 என்ற வீட்டு எண் ஒன்று. குறியீடு தெரிந்தால் தீவின் எந்த மூலையிலிருந்தும் அந்த புளோக்கின் அடிக்கு வந்துவிடலாம். ஆனால் #09-187 என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. அந்த எண் ஈசூனிலும் இருக்கும், தோ பாயோவிலும் இருக்கும். புளோக்குக்குள் நிற்பவருக்கு மட்டுமே அது போதுமான முகவரி.

பிணையமும் இதேபோலத்தான். பிணையத்தில் ஒரு கருவியைக் குறிக்கும் எண்ணுக்கு ஐபி முகவரி என்று பெயர். உங்கள் இணையச் சேவைக்கு வெளியுலகம் அறிந்த ஐபி முகவரி ஒன்று உண்டு. அது அஞ்சல் குறியீடு. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் தனித்தனியாக ஒரு எண் கொடுக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அது வீட்டு எண். 192.168.1.50 உங்கள் வீட்டிலும் இருக்கும், பக்கத்து வீட்டிலும் இருக்கும். இரண்டும் மோதிக்கொள்வதில்லை, ஏனென்றால் வேறு வேறு புளோக்.

சரி, ஒன்பதாம் மாடிக்கு வந்தாயிற்று. இனிமேல் கதவு. வீவக வீட்டு வாசலில் வழக்கமாக இரண்டு கதவு: வெளியே இரும்புக் கிராதி, உள்ளே மரக்கதவு. விண்டோஸ் பகிர்விலும் அப்படியே இரண்டு அடுக்கு அனுமதி இருக்கிறது. 'ஷேரிங்' பக்கத்தில் கொடுப்பது கிராதி. 'செக்யூரிட்டி' பக்கத்தில் கொடுப்பது மரக்கதவு. இரண்டும் திறந்திருந்தால்தான் உள்ளே போகலாம். கிராதியைத் திறந்துவிட்டு மரக்கதவை மறந்துவிடுவது மிக வழக்கமான தவறு. வாசலில் தட்டுவது யார் என்று துளைவழி பார்த்து, பதில் சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் மென்பொருள்தான் ஃபயர்வால்.

சுருக்கமாக: ஒரே வைஃபையில் இருப்பது ஒரே புளோக்கில் இருப்பது மட்டுமே. வீட்டு எண்ணும் தெரிய வேண்டும், இரண்டு கதவும் திறக்க வேண்டும்.

எந்தக் கணினி தேறும்

கோப்பு கொடுக்கும் வேலைக்கு வேகமான செயலி வேண்டாம். 64 பிட் செயலி, 4 ஜிபி நினைவகம், நல்ல வட்டு ஆகிய மூன்றும் போதும். மேசைக் கணினியைவிட மடிக்கணினி சிறந்தது என்பதே எங்கள் கட்சி, காரணம் மின்கட்டணம். சும்மா நிற்கும்போதே 50 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினியை இரவு பகலாக ஓட்டினால் மாதம் 36 யூனிட் ஆகும். யூனிட் 30 காசு என்று வைத்தால் 11 வெள்ளியை நெருங்கும். 12 வாட் இழுக்கும் மடிக்கணினிக்கு 2 வெள்ளி 60 காசு.

மடிக்கணினியில் ஒரு ஆபத்து உண்டு. ஆண்டு முழுக்க மின்னேற்றத்திலேயே, நம் ஊர் வெக்கையில் கிடக்கும் மின்கலம் உப்பத் தொடங்கும். தொடுபட்டை மேலே தூக்குவது, மூடி சரியாகப் பொருந்தாமல் இடைவெளி தெரிவது ஆகியவை அறிகுறி. உப்பியதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது; உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். கழற்றக்கூடிய மின்கலம் என்றால் முதலிலேயே கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டலாம். கழற்ற முடியாதது என்றால், பல மாடல்களில் மின்னேற்றத்தை 60 அல்லது 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருக்கிறது.

அடுத்தது வட்டு. எட்டு வருடம் ஓடிய வட்டில் பிள்ளைகளின் படங்களை வைப்பதற்கு முன், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் சரி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் அந்த வட்டு வேண்டாம், பேசாமல் மாற்றிவிடுங்கள்.

இயங்குதளம்தான் இழுபறியான விஷயம். விண்டோஸ் எக்ஸ்பி பேசுவது எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டும். 2017 மே மாதம் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற நச்சுநிரல், இந்தப் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அதே ஆண்டின் இறுதியிலிருந்து புதிய விண்டோஸ் 10 இல் முதல் பதிப்பு தானாக வருவதில்லை. அதனால் எக்ஸ்பி கணினியைப் புதிய கணினி கண்டுகொள்ளாது. "புதிய கணினியில் எஸ்எம்பி 1.0 ஐ இயக்கு, சரியாகிவிடும்" என்ற ஆலோசனை இணையம் முழுக்கக் கிடக்கிறது. சரியாகும்தான், பூட்டைக் கழற்றினால் கதவு திறப்பது போல. செய்யாதீர்கள்.

விண்டோஸ் 7 க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றன. விண்டோஸ் 10 க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை. ஆகவே பழைய கணினி என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றிவிடுவது நீண்ட காலத்துக்கு நல்லது. லினக்ஸில் எஸ்எம்பி மொழி பேசும் மென்பொருளுக்குப் பெயர் சம்பா. அரிசி அல்ல, எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரும் சொல்லைத் தேடிப் பிடித்து வைத்த பெயர்.

கம்பியா வைஃபையா

சர்வராகும் கணினியைக் கம்பியால் ரூட்டரில் இணையுங்கள். மற்றவை வைஃபையில் இருக்கட்டும். இருபக்கமும் வைஃபை என்றால் ஒவ்வொரு கோப்பும் காற்றில் இருமுறை பயணம் செய்யும். வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

வீட்டுக்கு 10 கிகாபிட் இணையம் போட்டிருக்கிறோமே என்பார்கள். அது வாசலிலிருந்து வெளியே போகும் சாலை. வீட்டுக்குள் இரண்டு கணினிக்கு இடையிலான வேகத்தை, நடுவில் உள்ளவற்றில் மிக மெதுவானதுதான் தீர்மானிக்கும். இங்கே ஒரு கணக்கு முக்கியம்: பிணைய வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், கோப்பின் அளவை பைட்டில் சொல்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். வினாடிக்கு 100 மெகாபிட் என்பது கைக்கு வரும்போது ஏறக்குறைய 11 மெகாபைட். 1 கிகாபிட் என்பது சுமார் 110 மெகாபைட். 50 ஜிபி திருமணக் காணொளியை நகலெடுக்க முதலாவதில் ஒன்றேகால் மணி நேரம். இரண்டாவதில் எட்டு நிமிடம். பழைய வைஃபையில் வினாடிக்கு 4 மெகாபைட்தான் கிடைக்கிறது என்றால் மூன்றரை மணி நேரம்.

கிகாபிட் துளை உள்ள கணினி, கிகாபிட் ரூட்டர், ஆனாலும் வேகம் 11 மெகாபைட்டைத் தாண்டவில்லையா? கம்பியைச் சந்தேகியுங்கள். பிணையக் கம்பிக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடியாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கியோ முனையில் துருவேறியோ ஒரு இழை போனால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100 க்கு இறங்கிக்கொள்கிறது. விண்டோஸில் பிணைய அமைப்புப் பக்கத்தில் 'லிங்க் ஸ்பீட்' என்ற வரியில் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 நிற்கும். சில வெள்ளி கொடுத்து கேட் 5இ அல்லது கேட் 6 கம்பி மாற்றினால் தீர்ந்தது. வீட்டுக்குக் கேட் 8 எல்லாம் வீண் செலவு.

இடமும் முக்கியம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் ரூட்டரை ஒளித்து வைக்கும் வீடுகள் நிறைய. தடித்த கான்கிரீட் சுவரையும் எஃகுக் கதவையும் தாண்டி வைஃபை மெலிந்துதான் வெளியே வரும். கணினியை வேண்டுமானால் உள்ளே வைக்கலாம், காற்றோட்டத்தைக் கவனித்துக்கொண்டு; ரூட்டர் கூடத்தில் இருக்கட்டும்.

அமைக்கும் முறை

முதலில் முகவரியை நிலைநிறுத்துங்கள். ரூட்டர் கொடுக்கும் எண் மாறக்கூடியது. இன்று 50, மின்தடைக்குப் பிறகு 63 ஆகலாம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'டிஹெச்சிபி ரிசர்வேஷன்' அல்லது 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று ஒன்று இருக்கும். அங்கே பழைய கணினியைத் தேர்ந்து ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு தூக்கத்தைக் கெடுங்கள். 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள், மடிக்கணினியின் மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று வையுங்கள். "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்ற புகாரில் பாதிக்கு மேல் கணினி தூங்கிப்போனதுதான்.

விண்டோஸ் என்றால் பிணைய வகையை 'பிரைவேட்' ஆக்க வேண்டும். 'பப்ளிக்' என்றிருந்தால், காப்பிக்கடை வைஃபையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஃபயர்வால் யாருக்கும் பதில் சொல்லாது. ஃபயர்வாலை அணைக்கத் தேவையே இல்லை.

பகிர்வுக்கென்று சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கடவுச்சொல் வையுங்கள். கடவுச்சொல்லை நீக்கினால் எளிதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் விசைப்பலகை வழியாக மட்டும் உள்ளே விடும், பிணையம் வழியாக விடாது. கடவுச்சொல்லுக்குப் பதில் இடும் 'பின்' (PIN) எண்ணும் அப்படித்தான்: அது அந்த ஒரு கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கானது. பிணையத்தில் கேட்கும்போது கணக்கின் உண்மையான கடவுச்சொல்லைத்தான் இட வேண்டும். லினக்ஸில் சம்பாவுக்கென்று தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். கணினியில் நுழையும் கடவுச்சொல் தானாக அங்கே செல்லாது.

இனிக் கோப்புறை. முழு வட்டையும் பகிராதீர்கள். 'குடும்பம்' என்று ஒரு கோப்புறை உண்டாக்கி, வலது சொடுக்கில் 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'ஷேரிங்', 'அட்வான்ஸ்டு ஷேரிங்' சென்று பகிருங்கள். அங்கே 'பெர்மிஷன்ஸ்' என்பதில் புதிய பயனருக்கு 'சேஞ்ச்' கொடுங்கள். அடுத்து 'செக்யூரிட்டி' பக்கத்தில் அதே பயனருக்கு 'மாடிஃபை' கொடுங்கள். கிராதி, மரக்கதவு இரண்டும் திறந்தாயிற்று. பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். சில தொலைக்காட்சிப் பெட்டிகளில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். தொலைக்காட்சியில் பார்ப்பதற்கானவற்றுக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் வைத்தால் போயிற்று.

மற்ற விண்டோஸ் கணினியில் கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் \\192.168.1.50\குடும்பம் என்று தட்டுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், திறக்கும். மேக்கில் ஃபைண்டரின் 'கோ' மெனுவிலும், ஐஃபோனில் 'ஃபைல்ஸ்' செயலியின் மூன்று புள்ளி மெனுவிலும் 'கனெக்ட் டு சர்வர்' இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பிணையச் சேமிப்பைத் திறக்கத் தெரிந்த கோப்பு மேலாளர் செயலி ஒன்று வேண்டும்.

கோப்பு உலாவியின் இடப்பக்கத்தில் 'நெட்வொர்க்' என்ற பட்டியல் ஒன்று உண்டு. அதில் கணினி தெரிந்தால் மகிழ்ச்சி. தெரியாவிட்டால் பகிர்வு வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. அது வாசல் பெயர்ப்பலகை போன்றது. பலகை விழுந்துவிட்டாலும் வீடு அங்கேயே இருக்கும். எண்ணை வைத்துப் போங்கள்.

திறக்காவிட்டால் எங்கே பார்ப்பது

வழி, முகவரி, அனுமதி என்ற அதே வரிசையில் பாருங்கள். கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை. கம்பியோ வைஃபை கடவுச்சொல்லோதான் காரணம், கோப்புறையைத் தோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒன்றில் 192.168.1.50, மற்றொன்றில் 192.168.50.12 என்று மூன்றாவது எண் வேறுபடுகிறதா? வீட்டில் இரண்டு ரூட்டர் ஓடுகின்றன. இணைய நிறுவனம் கொடுத்தது ஒன்று, வைஃபை எல்லா அறைக்கும் எட்ட வேண்டுமென்று நீங்கள் வாங்கிய மெஷ் ஒன்று. இரண்டும் தனித்தனியாக எண் கொடுத்து ஒரே வீட்டை இரண்டு புளோக்காகப் பிரித்துவிட்டன. மெஷ்ஷின் அமைப்பில் 'ஆக்சஸ் பாயின்ட்' அல்லது 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றினால் எண் கொடுக்கும் வேலையை ஒன்று மட்டுமே பார்க்கும். விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவிக்கும் வீட்டுக் கணினிகள் தெரியாது. அது கோளாறு இல்லை, அதற்காகவே வைத்தது.

எண்ணால் திறக்கிறது, கணினியின் பெயரால் திறக்கவில்லை என்றால் பெயர் தேடலில் மட்டும் சிக்கல், எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். சரியான கடவுச்சொல்லை இட்டும் மறுக்கிறது என்றால், முன்பு தவறாக இட்டதை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கலாம். 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து அந்த எண்ணுக்கான பதிவை அழித்துவிட்டு மறுபடி நுழையுங்கள். திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை என்றால் மரக்கதவு.

மீண்டும் ஒருமுறை: எண் கிடைக்கவில்லை என்றால் வழி, எண்கள் ஒரே வரிசையில் இல்லை என்றால் முகவரி, கடவுச்சொல் கேட்டு மறுத்தால் அனுமதி.

வெளியிலிருந்தும் திறக்கலாமா

ஜொகூரில் இருந்துகொண்டே வீட்டுக் கோப்பைத் திறக்க ஆசைப்பட்டு, ரூட்டரில் 445 ஆம் எண் வாசலை வெளியே திறந்துவிடுவது சிலர் செய்யும் வேலை. எஸ்எம்பி காத்திருக்கும் வாசல் எண் அது. அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்க அலைகின்றன. வேண்டுமென்றால் ரூட்டரில் உள்ள விபிஎன் வசதியைப் பயன்படுத்துங்கள்: வெளியே இருக்கும் உங்கள் கைப்பேசியை முதலில் பூட்டிய வழியில் புளோக்குக்குள் கொண்டுவந்துவிட்டு, பிறகு கதவைத் தட்ட வைப்பது அது.

அழித்தால் திரும்பாது

பழைய கணினிக்கு ஒரு நகல் போய்விட்டதால் படங்கள் பத்திரம் என்று நினைத்துக் கைப்பேசியில் இருப்பதை அழித்துவிடுகிறார்கள். அப்போது நகல் இரண்டல்ல, ஒன்றுதான். அதுவும் வீட்டிலேயே மிகப் பழைய வட்டில்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விண்டோஸ் பகிர்வில் உள்ள கோப்பை வேறொரு கணினியிலிருந்து அழித்தால் அது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. இந்தக் கணினியின் தொட்டியிலும் இருக்காது, அந்தக் கணினியின் தொட்டியிலும் இருக்காது. பிள்ளை விளையாட்டாக ஒரு கோப்புறையைத் தேர்ந்து 'டெலீட்' அழுத்தினால் அவ்வளவுதான். ஆகவே பார்க்க மட்டும் செய்கிறவர்களுக்கு 'ரீட்' அனுமதி போதும். 'சேஞ்ச்' ஒருவரிடமோ இருவரிடமோ இருக்கட்டும். சம்பாவில் அழித்தவற்றைத் தனிக் கோப்புறைக்கு ஒதுக்கும் வசதி உண்டு, அதை இயக்கி வையுங்கள். ஒரு கணினியில் கோப்புகளைப் பூட்டும் நச்சுநிரல் புகுந்தாலும், அதற்கு 'சேஞ்ச்' இருக்கும் பகிர்வு முழுவதும் அதன் கைக்கு எட்டும்.

அதனால் 2 டிபி வெளி வட்டு ஒன்று தனியாக வேண்டும். மாதம் ஒருமுறை பழைய கணினியில் செருகி நகலெடுத்து, கையோடு கழற்றி இழுப்பறையில் வையுங்கள். செருகியே கிடக்கும் வட்டு இதில் சேராது. அந்த வட்டு ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட காணொளி ஏறாமல் பாதியில் நிற்கும். வாங்கியதும் வடிவத்தைப் பாருங்கள், எக்ஸ்ஃபேட் என்றால் விண்டோஸிலும் மேக்கிலும் திறக்கும். நகல் முடிந்ததும் ஏதாவது மூன்று கோப்பை அந்த வட்டிலிருந்தே திறந்து பாருங்கள்: ஒன்று பழையது, ஒன்று நேற்றையது, ஒன்று பெரிய காணொளி.